தம்பி பெயரில் ஒரு ரேசர்

எங்கள் வீட்டில் தினமும் தவறாமல் சவரம் செய்துகொள்கிறவள் நான்தான். ஆனால் ஊரைப் பொறுத்தவரை அந்த ரேசர் தம்பியுடையது.

கல்லூரியில் படிக்கும்போது தாடைக்குக் கீழே முதல் முடி வந்தது. அம்மா அதை நூல் வைத்துப் பிடுங்கினாள். அடுத்த மாதமே அதன் சொந்தபந்தங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கின. டாக்டர் ஹார்மோன் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரையால் நான் குண்டானேன், முடி அசைந்து கொடுக்கவில்லை. மெழுகு வைத்து இழுத்ததில் தோல் கொப்பளித்தது. ப்ளீச் போட்டதில் கறுப்புத் தாடி மஞ்சள் தாடி ஆனது, அவ்வளவுதான் லாபம். கடைசியில் ஒருநாள் வெறுத்துப்போய்த் தம்பியின் ரேசரை எடுத்து வழித்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் முகமாக இருந்தது. மற்ற வைத்தியங்களை எல்லாம் அன்றோடு தலைமுழுகினேன்.

அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "பொம்பளப் புள்ள ஷேவ் பண்றான்னு வெளிய தெரிஞ்சா..." என்று ஆரம்பிப்பாள். தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் போட்டாள். குளியலறையைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். குழாயைத் திறந்துவிட வேண்டும், வழிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. பிரஷ், ரேசர், சோப்புக் கிண்ணம் எல்லாம் தம்பியின் அலமாரித் தட்டில்தான் இருக்க வேண்டும். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே வீட்டில் சவரம் செய்ய உரிமையுள்ள ஒரே ஆள் தம்பி. அவன் தினமும் வழித்துக்கொண்டே இருந்தால்தான் மழுங்கிப்போகிற பிளேடுகளுக்கு ஒரு நியாயம் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமை முகத்தில் வைத்துப் பார்த்து, காதுப் பக்கம் வளைத்து, மூக்கில் உட்காருகிறதா என்று சரிசெய்து கொடுப்பது என் பொறுப்பு. வருகிறவர்கள் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் என் எதிரே உட்காருவார்கள். அதனால் முதலில் நான் எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரிவேன், இனிமையாகப் பேசுவார்கள். புதுக் கண்ணாடியை நான் மாட்டிவிட்டதும் உலகம் பளிச்சென்று ஆகும். அந்தப் பளிச்சில் அவர்கள் முதலில் பார்ப்பது என் தாடையை. சாயங்காலம் ஆனால் பச்சையாக நிழல் தட்டியிருக்கும், நடுநடுவே சிவப்புப் பொரிகள். பார்வை சட்டென்று விலகும். பிறகு பேச்சு சுருங்கிவிடும். எனக்கு அது பழகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். கோபத்தோடு சிரித்தபடி, "காதுல இடிக்குதா சார்?" என்று கேட்பேன்.

தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் பேக்கரியில் கேக் போடுகிறவள். முழங்கையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும் என்பதால் தம்பி அவளை மாவு என்று கூப்பிட்டான், நாங்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம். கலகலப்பான பெண். ஒரே ஒரு சிக்கல். பேக்கரிக்காரி கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவாள். எனக்கும் குளியலறைக்குமான நேரம் அதுதான். நான் உள்ளே தாடையில் நுரையோடு நிற்பேன், வெளியே மாவு, "அண்ணி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கதவைத் தட்டுவாள். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அவளுக்கு வயிறு சரியில்லம்மா" என்பாள். தினமும் வயிறு சரியில்லாத ஒரு நாத்தனார் எனக்கு வாய்த்திருந்தால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். மாவு பாவம், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தம்பி தாடி வளர்க்கப் போவதாகச் சொன்னான்.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாவு வேலைக்குப் போகும்வரை காத்திருந்தாள். கதவு சாத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

"நீ தாடி வெச்சா உங்கக்கா கதி என்னடா ஆகும்?"

"அக்கா தாடிக்கு நான் ஏம்மா ஷேவ் பண்ணணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டான். ஆனால் கேட்டதில் தப்பில்லை. அவன் முடி சுருட்டை. வழித்தால் நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே வளரும், கழுத்தெல்லாம் புண். சட்டைக் காலரில் ரத்தப் பொட்டு இல்லாமல் அவன் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக அந்தப் புண்ணை அவன் எனக்காகச் சுமந்துகொண்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

அம்மா விடுகிற ஆளா? "எரிச்சல்தான பிரச்சினை? அதுக்கு ஏதாவது செய்யி" என்று என் பக்கம் திரும்பினாள். தம்பியின் முகம் ஆறினால் அவன் தொடர்ந்து வழிப்பான், அவன் வழித்தால் நான் மறைந்துகொள்ளலாம். அவளுடைய திட்டம் அது. எனக்கு இரண்டு முகங்களுக்கும் மருந்து வேண்டியிருந்தது, அதனால் ஒப்புக்கொண்டேன். கடையில் விற்கிற களிம்புகளில் பாதிக்குமேல் ஸ்பிரிட். போட்டால் குரங்கு மாதிரி குதிக்க வேண்டியதுதான்.

முதல் தடவை எலுமிச்சைச் சாறும் கிராம்பு எண்ணெயும் கலந்தேன். வழித்த தோலில் எலுமிச்சை போடக் கூடாது என்கிற விஷயம் தம்பி கூடத்தைச் சுற்றி ஓடியபோது தெரிந்தது. வீடு முழுக்கப் பல் வைத்தியரின் வாசனை. இரண்டாம் தடவை பால்கனித் தொட்டியிலிருந்து கற்றாழை மடல் ஒன்றை வெட்டி, உடனே சீவி அரைத்துப் பூசினேன். அரிப்பெடுத்து இரண்டு பேரும் சொறிந்துகொண்டே திரிந்தோம். வெட்டின இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வடியும், அரிப்பு அதில்தான் என்பது பிறகு புரிந்தது. மூன்றாம் தடவை மடலை டம்ளரில் செங்குத்தாக நிறுத்தி, மஞ்சள் முழுக்க வடியவிட்டுக் கழுவினேன். கண்ணாடி மாதிரி இருக்கிற கற்றாழைச் சோற்றை மட்டும் வழித்தெடுத்து, வெள்ளரித் துண்டோடு அரைத்துத் துணியில் வடிகட்டினேன். தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் வெந்நீர்மேல் கிண்ணம் வைத்து உருக்கினேன். குளிர்ந்த சாற்றைச் சூடான எண்ணெயில் ஊற்றியபோது கலவை திரிந்துபோனது. நாலாம் தடவை சாற்றையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, கை கடுக்க அடித்தேன். கலவை மெல்ல வெளுத்து, இறுகி, வெளிர்ப்பச்சையில் வெண்ணெய்போல நின்றது. சமையலறையில் நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தாள்.

முடி வளர்கிற திசையிலேயே வழிக்க வேண்டும், முன்னால் சூடான துண்டு, பின்னால் இந்தக் களிம்பு. ஒரு வாரத்தில் என் தாடையில் பொரிகள் அடங்கின. தம்பியின் கழுத்துப் புண் ஆறியது. கெட்டுப்போகாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லை என்பதால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஜாம் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டப் போனேன், அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பேர் எழுதுனா கேள்வி வரும். சும்மா வை."

பாட்டில் பெயரில்லாமல் ஊறுகாய்க்கும் வெண்ணெய்க்கும் நடுவில் உட்கார்ந்தது.

களிம்பு வேலை செய்தது, அம்மாவின் திட்டம் வேலை செய்யவில்லை. முகம் ஆறிய பிறகும் தம்பி தாடி வளர்த்தான். மாவுக்குப் பிடித்திருக்கிறதாம், அவனுக்கும் பிடித்திருக்கிறதாம். அவன் முகம், அவன் முடி. நான் அவனிடம், "வளத்துக்கோடா, நல்லா அடர்த்தியா வளரட்டும்" என்று சொன்னேன். அம்மா என்னுடன் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம். நான் வேலையிலிருந்து வந்தபோது என் கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. என் துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

"உன் கடைகிட்டயே ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு. பேசிட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வர்றாங்க, அது முடியட்டும். திங்கக்கிழமை போயிரு."

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு யாருடி சொன்னா? நாளைக்கு மாவுக்கு ஒரு பொண்ணு பொறந்தா, அதுக்கும் இப்படி வருமான்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. தம்பி வாழட்டும்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். அது இன்னும் மோசம். திட்டினால் திருப்பித் திட்டலாம். அம்மா என் சட்டைகளை நீவி நீவி மடித்துக்கொண்டே என்னை வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பிறந்து வளர்ந்த அறை அது. தாடையில் நாலு முடி முளைத்ததற்காக அதைக் காலி செய்ய வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. கொட்டவில்லை. ஒரே சட்டையை அவள் மூன்றாம் தடவை பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பால்கனிக்கு வந்து, "நான் தாடிய எடுத்துடறேங்க்கா. நீ போகாத" என்றான்.

"எடுத்துப் பாரு. ஆயுசுக்கும் உன்கூடப் பேச மாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். மாவின் அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால்கூட வலது, இடது பார்ப்பார். அவள் அம்மா கணக்கு டீச்சர், கேட்ட கேள்விக்கு விடை வராமல் விடமாட்டார். சூப், ரொட்டி, சுட்ட கோழி என்று அம்மா மேசையை நிரப்பியிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்தாள். என் தாடையைப் பக்கத்தில் வந்து பார்த்தாள், தம்பியின் சட்டையைப் பார்த்தாள், குளியலறைத் தட்டைத் துடைத்தாள். ஃபிரிட்ஜை மட்டும் மறந்துவிட்டாள்.

மாவு உதவி செய்கிறேன் என்று ஃபிரிட்ஜைத் திறந்தாள். வெளிர்ப்பச்சையில், வழுவழுவென்று, பெயரில்லாத ஒரு பாட்டில். ரொட்டியில் தொட்டுக்கொள்ள நாத்தனார் ஏதோ செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். அழகான கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, சுற்றிலும் கேரட் துண்டுகளை நட்டு, அவள் அப்பாவின் முன்னால் வைத்தாள். நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவர் ஒரு கேரட்டை அதில் முக்கி வாயில் போட்டுவிட்டார்.

மென்றார். நின்றார். மறுபடி மெதுவாக மென்றார்.

"வித்தியாசமா இருக்கும்மா" என்றார். மனிதர் மரியாதை தெரிந்தவர்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி ஒரு நொடி நின்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. உட்கார்ந்து, கரண்டி நிறைய எடுத்து, வாயில் போட்டு விழுங்கினாள். "நாங்க அடிக்கடி செய்வோம்" என்றாள். உதட்டில் மெழுகு மினுமினுத்தது.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் முகத்தை மறைக்க என் அம்மா மெழுகைத் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது கரண்டியும் எடுத்துவிட்டாள்.

"அதை வைம்மா" என்றேன். "மாமா, மன்னிச்சுக்குங்க. அது சாப்பிடறது இல்ல. ஷேவ் பண்ணிட்டு மூஞ்சில தடவுற க்ரீம். கற்றாழை, வெள்ளரிக்கா, தேன்மெழுகு. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

மாவு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா டம்ளரை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தார்.

"தம்பியோடது" என்றாள் அம்மா, வாய்க்குள் மெழுகோடு. "தம்பி தடவுறது."

டிரைவிங் மாமா திரும்பி மருமகனைப் பார்த்தார். கன்னம் முழுக்க மண்டிய சுருட்டைத் தாடி.

"மாப்பிள்ளைதான் தாடி வெச்சிருக்காரே?"

"இன்னைக்கு எடுத்துருவான்" என்றாள் அம்மா. "எடுக்கணும்னுதான் சொல்லிட்டிருந்தான். போடா. போய் இப்பவே எடுத்துட்டு வா."

தம்பி என்னைப் பார்த்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். குளியலறையை நோக்கி நடந்தான். சாப்பாட்டின் நடுவில், மாமனார் மாமியார் முன்னால், எனக்காகத் தன் முகத்தை வழிக்க ஒரு தடியன் எழுந்து போகிறான். போதும் என்று தோன்றியது. அம்மாவின் பயம் எங்கள் எல்லோரையும் கோமாளி ஆக்கியது போதும்.

"உக்காருடா" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ரேசர் என்னோடது. க்ரீம் என்னோடது. இந்த வீட்டுல தாடி முளைக்கிறது எனக்கும்தான். காலேஜ் காலத்துலேருந்து தினமும் ஷேவ் பண்றேன். வயிறு சரியில்லன்னு சொன்னதெல்லாம் பொய், மாவு. நல்லாத்தான் இருக்கு என் வயிறு."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி நடுக்கூடத்தில் நின்றான், போவதா வருவதா என்று தெரியாமல்.

கணக்கு டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்காக அம்மா என் பெட்டியை அடுக்கினாளோ, அதையே கேட்டார்.

"இது... பரம்பரையா வருமா?"

எனக்குப் பயமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"வரலாம் அத்தை. வராமலும் போகலாம். உங்க பேத்திக்கு வந்தா என்கிட்ட அனுப்புங்க. எப்படி வழிக்கணும்னு சொல்லித் தர்றேன், க்ரீமும் செஞ்சு தர்றேன். ஒளிஞ்சுக்க மட்டும் சொல்லித் தர மாட்டேன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. பிடிக்காவிட்டால் போகட்டும். மாவு மட்டும் கிண்ணத்தை இழுத்து, விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். கேக் போடுகிறவள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"எண்ணெயும் தண்ணியும் பிரியாம எப்படி அண்ணி வந்துச்சு?"

"ரெண்டையும் ஒரே சூட்டுல வெச்சேன்."

"முதல் தடவையேவா?"

"நாலாவது தடவை" என்றேன். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்காமல் விட்டேன்.

டிரைவிங் மாமா தொண்டையைச் செருமினார். "கோழியை இந்தப் பக்கம் தள்ளுங்க. வாய்ல இன்னும் கற்றாழை இருக்கு" என்றார். தம்பி வந்து உட்கார்ந்தான்.

அவர்கள் போனபிறகு அம்மா பாத்திரம் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"ஹாஸ்டல்ல திங்கக்கிழமை வர்றதா சொல்லியிருக்கேன்."

"வரலைன்னு சொல்லிரு."

"எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டியேடி."

"ஆமா. உடைச்சுட்டேன். இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. அப்ப நான் எதுக்குப் போகணும்?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அவள் மடித்திருந்த மடிப்பு கலையாமல்தான் அடுக்கினேன். அந்த அளவுக்கு அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், அதற்குமேல் இல்லை.

மறுநாள் காலையில் வெந்நீர்க் கிண்ணத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஜன்னலோரம் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர் ஃபிளாட் பால்கனியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மனிதர் பிரஷை வாயிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். மாவு பையை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அண்ணி, குளியலறை இவ்வளவு சீக்கிரம் கிடைச்சதே இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அம்மா வந்தாள். எதிர் பால்கனியைப் பார்த்தாள். நேராக ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையில் கை வைத்தாள். நான் ரேசரை வெந்நீரில் அலசி, காதோரத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். சத்தம் நன்றாகவே கேட்டது. அம்மாவின் கை திரையில் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சவரம் செய்வதை இத்தனை வருடத்தில் அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

"இடது பக்கம், தாடைக்குக் கீழ விட்டுட்ட" என்றாள்.

"தெரியும். இப்பத்தான் அங்க வர்றேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வெளிச்சத்தை மறைக்கிற."

அம்மா திரையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.